சாய்தளம் இருந்தது, கதவுதான் திறக்கவில்லை: பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் நுழைவாயில் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. 1990களில் கட்டிய கட்டடம். கீழே சின்ன லாபி, இரண்டு மின்தூக்கி, பின்பக்கம் கார் நிறுத்துமிடம். வீட்டு உரிமையாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வாடகைக்கு இருப்பவர்களில் எல்லா இனத்தாரும் உண்டு. அப்போது நான் நிர்வாகக் குழுவின் செயலாளர். கூட்டக் குறிப்புகள், விலைப்பட்டியல்கள், கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருந்தன. அவற்றை வைத்து எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பார்ப்பது அன்றாடம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. அதனால் பார்வையற்றோர் பலர் இந்த வட்டாரத்திலேயே குடியிருக்கிறார்கள். சிலர் உடம்புபிடி நிலையங்களில் வேலை செய்கிறார்கள். நடைபாதைகளில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் கற்கள் பதித்திருக்கிறார்கள். அந்தக் கற்களின் மேலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை. எப்படியோ, சாலை ஓரளவு சரியாகிவிட்டது. சாலையை விட்டுக் கட்டடத்துக்குள் நுழைகிற அந்தக் கடைசி இரண்டு மூன்று மீட்டரை எங்கள் கட்டடத்தில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

வாசலில் இரண்டு படி. பழைய குழு ஒன்று பக்கத்தில் சிமெண்டு சாய்தளம் போட்டு, சக்கர நாற்காலிப் படம் ஒன்றும் வரைந்துவிட்டுப் போயிருந்தது. அதனால் 'நம்ம பில்டிங்கில் வசதி இருக்கிறது' என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு இரண்டு வீடுகளில் திருட்டு நடந்ததும் திறந்தே கிடந்த வாசலுக்குக் கனமான கண்ணாடிக் கதவு, காந்தப் பூட்டு, அட்டை தட்டும் கருவி மூன்றும் வந்தன. சாய்தளம் போட்ட குழு வேறு, கதவு போட்ட குழு வேறு. இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை.

வந்த கடிதம்

ஐம்பதுகளின் கடைசியில் இருந்த ஒரு பெண்மணி. நீரிழிவால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். சிறுநீரகமும் பழுதாகி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வந்தார். மாலை முறையில்தான் அவருக்கு இடம் கிடைத்தது. சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வீடு திரும்ப இரவு ஒன்பது, பத்து ஆகும். மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் ஓகேயு அட்டை வைத்திருந்தார். சக்கர நாற்காலியைத் தானே உருட்டுவார். கணவர் இரவு நேர வேலைக்காரர் என்பதால் பல நாள் வாடகைக் காரில் தனியாகத்தான் வந்து இறங்குவார்.

கடிதத்தை எழுதியவர் கணவர். கதவைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "இரவு பத்து மணிவரை ஜாகாவை (காவலாளியை) லாபியைவிட்டுப் போகாமல் இருக்கச் சொல்ல முடியுமா? என் மனைவி வெளியே காத்திருக்க வேண்டியிருக்கிறது" என்பதுதான் வேண்டுகோள். ஆளைக் கேட்டார்கள், நாங்களும் ஆளைக் கொடுத்தோம். பாதுகாவல் நிறுவனத்துக்கு உத்தரவு போனது. வாசலில் ஓர் அழைப்பு மணியும் வைத்தோம்.

சில வாரம் ஓடியது. ஆனால் ஜாகாவுக்கு ஒவ்வொரு மாடியாகச் சுற்றிவந்து பதிவு வைக்கும் வேலையும் உண்டு. அவர் மேலே இருக்கும்போது கீழே மணி அடித்தால் கேட்காது. சில மாதத்துக்கு ஒருமுறை ஆளும் மாறிவிடுவார். நேப்பாளத்திலிருந்து புதிதாக வந்தவருக்கு மலாயில் பழைய உத்தரவை மறுபடி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவர் மறந்துவிடுவார். ஒரு நாள் நல்ல மழையில் அந்த அம்மா முகப்புக் கூரைக்கு அடியில் கணிசமான நேரம் உட்கார்ந்திருந்ததை மேல்மாடிக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அப்புறம்தான் விஷயம் கூட்டத்துக்கு வந்தது.

பிறகு அவரிடம் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை அவர் எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். "சுத்திகரிப்புக்குப் போகாம முடியாது, அதுக்கு ஜாகாவைக் கூப்பிடலாம். சாமி கும்பிடப் போறதுக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொருத்தரைக் கூப்பிடணுமா தம்பி?" என்று கேட்டார்.

வாசலில் பார்த்தது

அவருடைய சம்மதத்தோடு, அவர் திரும்பி வரும் ஒரு மாலை நேரத்தில் குழுவினர் சிலர் வாசலில் நின்று பார்த்தோம். உதவி செய்யக் கூடாது, வேடிக்கை மட்டும் பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார். நிற்க எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

கார் நின்ற இடத்துக்கும் சாய்தளத்துக்கும் இடையே லோங்காங், அதாவது வடிகால். அதன் மேல் இரும்புச் சட்டக மூடி. சட்டங்கள் நடக்கும் திசையிலேயே நீளமாக ஓடியதால் நாற்காலியின் சின்ன முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். அவர் முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கிக் கடந்தார், பழக்கம். சாய்தளத்தில் இரண்டு கையாலும் பலமாக உந்தி ஏறினார். மேலே சேர்ந்ததும் கதை நின்றுவிட்டது.

கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். சாய்தளத்தின் உச்சிக்கும் கதவுக்கும் இடையில் இருந்த சமதளம் 900 மி.மீ. ஆழம்தான். கதவின் அகலமும் ஏறக்குறைய அதுவே. சக்கர நாற்காலியோ, காலடித் தட்டையும் சேர்த்தால் 1200 மி.மீ. நீளம். கதவருகே போனால் பின்சக்கரம் சரிவில்தான் நிற்கும். ஒரு கை சக்கரத்தைப் பிடித்திருக்க வேண்டும், விட்டால் நாற்காலி பின்னால் உருளும். மறு கை அட்டையைத் தட்ட வேண்டும். அட்டைக் கருவி 1400 மி.மீ. உயரத்தில், ஒரு போகன்வில்லாத் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. எட்டித் தட்டிவிட்டால் பூட்டு ஐந்து விநாடிக்குத் திறக்கும். அந்த ஐந்து விநாடிக்குள் கையைக் கைப்பிடிக்குக் கொண்டுபோய், கதவைத் தன்னை நோக்கி இழுத்து, இழுக்கும் கதவுக்கு வழிவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். பின்னால் இருப்பது சரிவு.

இதில் எங்களில் யாருக்கும் முன்பு தெரியாத ஒரு விஷயம். இரத்தச் சுத்திகரிப்புக்காக அவருடைய இடக்கையில் இரத்த நாளங்களை இணைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கவோ பலமாக இழுக்கவோ கூடாது என்பது மருத்துவமனை அறிவுரை. கைப்பிடியோ இடக்கைக்கு வாகான பக்கத்தில் இருந்தது. வலக்கையால் இழுக்க வேண்டுமென்றால் நாற்காலியைக் குறுக்கே திருப்பியாக வேண்டும், அதற்கு இடமில்லை.

அட்டையைத் தட்டினார், பூட்டு விட்ட சத்தம் கேட்டது, கதவு கொஞ்சம் அசைந்து மறுபடி மூடிக்கொண்டது. திரும்பவும் அதேதான். அதன் பிறகு மணியை அடித்தார்.

அளவெடுத்தது

அடுத்த வேலை அளப்பது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கைப்பிடியில் மாட்டி, கதவு அசையும்வரை மெதுவாக இழுத்தோம். 5.5 கிலோ காட்டியது. ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் என்று வைத்தால் 55 நியூட்டன். அமெரிக்க விதி உட்புறக் கதவுகளுக்கு 5 பவுண்டு, அதாவது 22 நியூட்டன்தான் அனுமதிக்கிறது. பிரிட்டன் வழிகாட்டி, திறக்கத் தொடங்கும்போது 30 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்கிறது. எங்கள் கதவு இரண்டு அளவையுமே வெகுவாகத் தாண்டியிருந்தது. கூட்டத்தில் இந்தத் தராசைச் சுற்றுக்கு விட்டோம். அறுபதைத் தாண்டிய உரிமையாளர்கள் இழுத்துப் பார்த்துவிட்டு, "இதனாலதான் நானும் தோளால தள்ளறேனா?" என்றார்கள். காகிதத்தில் காட்டும் எண்ணைவிட அது வேலை செய்தது.

சாய்தளத்தின் உயரம் 300 மி.மீ., நீளம் 1600. சரிவு ஏறக்குறைய 1:5. பழகிய அளவு 1:12, அந்த உயரத்துக்கு 3600 மி.மீ. நீளம் வேண்டும். கதவின் கைப்பிடிப் பக்கத்தில், இழுப்பவர் ஒதுங்கி நிற்க இருந்த இடம் 150 மி.மீ. மட்டுமே. பிரிட்டன் 300, அமெரிக்கா 455 மி.மீ. கேட்கின்றன. இந்தப் பக்கவாட்டு இடத்தைத்தான் கட்டட வரைபடங்களில் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கதவின் அகலத்தை எல்லாருக்கும் தெரியும். கதவுக்குப் பக்கத்துச் சுவரை யாரும் பார்ப்பதில்லை.

கதவு ஏன் இவ்வளவு கனம்? கண்ணாடியின் எடை காரணம் இல்லை. 12 மி.மீ. கண்ணாடியாக இருந்தாலும் சுழலும் அச்சு சரியாக இருந்தால் விரலால் தள்ளலாம். தரைக்குள் புதைத்திருக்கும் ஃபுளோர் ஸ்பிரிங்தான் எதிர்க்கிறது. கதவைத் தானாக மூடுவது அதுதான். முதலில் வந்த தொழில்நுட்பர் மூடியைத் திறந்து ஒரு திருகைத் திருகிவிட்டு "லைட்டாக்கிட்டேன்" என்று சொல்லிப் போனார். கதவு மெதுவாக மூடியது, அவ்வளவுதான். தராசு அதே 5.5 காட்டியது. அந்தத் திருகு எண்ணெய் ஓடும் வேகத்தை மாற்றும், அதாவது மூடும் வேகத்தை. திறக்கும் பலம் சுருளின் வலிமையைப் பொறுத்தது. அதை மாற்றச் சுருளை மாற்ற வேண்டும், இல்லையென்றால் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வகையைப் போட வேண்டும்.

சரி என்று மெல்லிய சுருளாக மாற்றிப் பார்த்தோம். தராசு மூன்று கிலோவுக்கு இறங்கியது. ஆனால் சாயங்கால மழைக்காற்று லாபிக்குள் அடிக்கும்போது கதவு முழுசாக மூடவில்லை. காந்தப் பூட்டுக்கு இரும்புத் தகடு காந்தத்தோடு அப்படியே ஒட்ட வேண்டும்; சில மில்லிமீட்டர் விலகினாலும் பிடிக்காது. கதவு பூட்டாமல் இருப்பதாக எச்சரிக்கை மணி இரவெல்லாம் அடித்தது. கனமான சுருளைப் போட்டவர் முட்டாள் இல்லை என்பது அப்போது புரிந்தது. பூட்டுக்காகக் கனமாக்கியிருக்கிறார், திறக்கிறவரை நினைக்கவில்லை. கையால் இழுக்கும் கதவாக இருக்கும்வரை இந்த இரண்டும் ஒத்துப்போகாது என்று குழு முடிவுக்கு வந்தது.

பொதுக்கூட்டம்

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எதிர்பார்த்த கேள்வியே முதலில் வந்தது: "ஒருத்தருக்காக இவ்வளவு செலவா?" இரண்டாவது: "சட்டம் கட்டாயப்படுத்துதா?"

இரண்டாவதற்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னோம். 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களுக்குள் சமமாக நுழையும் உரிமையைப் பேசுகிறது. மீறினால் தண்டனை என்ற பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. 1984ஆம் ஆண்டுச் சீரான கட்டடத் துணைவிதிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி பற்றிப் பின்னர் சேர்த்த 34ஏ விதி இருக்கிறது, எல்லாரும் புழங்கும்படி கட்டடங்களை அமைப்பது பற்றிய எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரம் 2014இல் திருத்தி வந்திருக்கிறது. அபராதம் வரும் என்று பயமுறுத்தி ஓட்டு வாங்கச் சிலர் ஆலோசனை சொன்னார்கள். குழு அதற்கு உடன்படவில்லை. பொய்யென்று தெரிந்துவிட்டால் அடுத்த தீர்மானத்துக்கும் சேர்த்து நம்பிக்கை போய்விடும்.

பணத்துக்குப் பொருளாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி பொதுச் சொத்தில் உள்ள பொருத்துதல்களைப் புதுப்பிக்கவும் மாற்றவும் சேமநிதியிலிருந்து எடுக்கலாம். கதவு பொருத்துதல்தானே? சாய்தளத்துக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் பராமரிப்புக் கணக்கு. மாதக் கட்டணம் ஏறாது என்று தெரிந்ததும் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒரு பெரியவர் கவனித்துக்கொண்டார். அவர் பேசிய முறையை இங்கே எழுத முடியாது.

முதல் தீர்மானமும் அதற்கு வந்த மறுப்பும்

குழுவின் முதல் திட்டம் சிக்கனமானது. இருக்கும் கதவிலேயே மேலே ஒரு மோட்டார். அட்டையைத் தட்டினால் கதவு தானாக வெளிப்பக்கம் திறக்கும். லாபியில் அறிவிப்பு ஒட்டி, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கும்படி கேட்டோம்.

நான்காவது மாடியில் வாடகைக்கு இருந்தவர் உடம்புபிடி நிலையத்தில் வேலை செய்பவர். முழுதாகப் பார்வை இல்லாதவர். ஒட்டிய அறிவிப்பு அவருக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டுப் பையன் தற்செயலாகப் படித்துச் சொல்லியிருக்கிறான். நேராகக் கிளம்பி வந்துவிட்டார்.

"இப்போ அந்தக் கதவு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும் அண்ணே. நீங்க சொல்ற மாதிரி பண்ணா, அது எப்போ என் மேல வரும்னு தெரியாது."

விளக்கிக் கேட்டோம். அவர் கோலால் முதல் படியைத் தட்டுவார், இரண்டு படி ஏறுவார், கையை நீட்டினால் கைப்பிடி. இது அவருடைய கணக்கு. உள்ளிருந்து ஒருவர் வெளியேறும் நேரத்தில் கதவு தானாக வெளிப்பக்கம் வீசினால் இரண்டாவது படியில் நிற்கும் அவருக்கு நெற்றியில் விழும். பார்வை உள்ளவர் ஒரு அடி பின்வாங்குவார். அவருக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. மோட்டார் கதவு மெதுவாக நகரும், தடை பட்டால் நிற்கும் என்று கதவு வேலையை எடுத்த குத்தகையாளர் சொன்னார். "படியில நிக்கறவனுக்கு மெதுவா இடிச்சாலும் விழுவான்" என்றார் இவர். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

உள்பக்கம் திறக்க வைக்கலாமா என்று பார்த்தோம். அவசரத்தில் கூட்டமாக வெளியேறும்போது உள்நோக்கித் திறக்கும் கதவு ஆபத்து. கடைசியில் எஞ்சியது பக்கவாட்டில் நகரும் கதவு. அதற்கு யாரும் வழிவிட வேண்டாம், யார் மீதும் வீசாது, காற்றோடு சண்டை போட வேண்டாம். செலவு கூடுதல், ஒன்பதாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல் விலை வந்தது. மொத்தத் திறப்பு 1800 மி.மீ.; பாதி நிலையான கண்ணாடி, மறுபாதி அதன் மேல் நகரும். கிடைக்கும் வழி 850 மி.மீ. 800 இருந்தால் நாற்காலி நுழைந்துவிடும். 850இல் விரல் முட்டி உரசாது.

தீ விபத்து விஷயத்தைத் தனியாகப் பார்த்தோம். கட்டடத் துணைவிதி 173இன்படி வெளியேறும் கதவுகளை உள்ளிருந்து சாவியோ தனி முயற்சியோ இல்லாமல் திறக்க முடிய வேண்டும். எங்கள் இரண்டு அவசரப் படிக்கட்டுகளும் லாபியைத் தொடாமல் வேறு கதவுகள் வழியே வெளியே போகின்றன. அது பெரிய நிம்மதி. இருந்தாலும் தீ எச்சரிக்கை அடித்தாலோ மின்சாரம் போனாலோ கதவு மின்கலத்தில் ஓடித் திறந்து, திறந்தபடியே நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதினோம்.

செய்த வேலை

பழைய சாய்தளத்தை உடைத்தார்கள். நேராக 3600 மி.மீ. நீட்டினால் கார் ஓடும் பாதைக்குள் போகும். அதனால் சுவரோரமாக வளைத்து 1800, 1800 என்று இரண்டு பகுதி. நடுவில் 1500 மி.மீ. சமதளம். அங்கே இருந்த தபால் பெட்டி வரிசையைப் பெயர்க்க வேண்டியிருந்தது. பெயர்த்ததுதான் பெயர்த்தோம், புதிய இடத்தில் தாழ்வாக வைத்தோம். கதவுக்கு முன்னாலும் 1500க்கு 1500 சமதளம். போகன்வில்லாத் தொட்டி இடம் மாறியது. அதை நட்டவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

லோங்காங் மூடியைக் குறுக்குச் சட்டம் வைத்த மூடியாக மாற்றினோம். தரைக்கு வழவழப்பான ஓடு வேண்டாம், துடைப்பத்தால் கீறிய சிமெண்டு போதும் என்று சொன்னோம். கோலாலம்பூர் மழைக்கு அதுதான் பொருத்தம், விலையும் குறைவு. படிகளை எடுக்கவில்லை. சாய்தளத்தைவிடப் படியே வசதி என்பவர்களும் உண்டு: செயற்கைக் கால் வைத்தவர்கள், ஊன்றுகோல் வைத்தவர்கள். நான்காவது மாடிக்காரருக்கும் படிதான் அடையாளம். படியின் விளிம்பில் மஞ்சள் பட்டையும், மேலே தொடுதரைக் கல்லும் பதித்தோம்.

அட்டைக் கருவி ஒரு மீட்டர் உயரத்துக்கு இறங்கி, மூலையை விட்டு வெளியே வந்தது. இந்த இடத்தில் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "கார் கேட்டுக்கிட்ட வந்தா ஸ்டிக்கரைப் பார்த்துத் தானாத் திறக்குது. காருக்கு இருக்கற மரியாதை என் நாற்காலிக்குக் கிடையாதா?" சிரித்தோம், ஆனால் நியாயம்தான். நாற்காலியிலேயே ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று விசாரித்தோம். அவர் லாபியில் யாரோடாவது பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கதவு மூடவே மூடாது என்பதால் அதை விட்டுவிட்டு, கார் சாவி போன்ற சின்ன ரிமோட் கொடுத்தோம். மடியில் வைத்துக்கொண்டே அழுத்தலாம். கேட்பவர் எவருக்கும் அது உண்டு, காரணம் கேட்பதில்லை.

கண்ணாடியில் ஒரு மீட்டர் உயரத்திலும் ஒன்றரை மீட்டர் உயரத்திலும் பட்டை ஒட்டினோம். பார்வை மங்கியவர்களுக்கு வெறும் கண்ணாடி இருப்பதே தெரியாது. கதவு திறக்கும்போது மெல்லிய மணியோசை ஒன்றும் வைத்தோம்.

அதன் பிறகு

அந்த அம்மா இப்போது ரிமோட்டை அழுத்திவிட்டுத் தானே வந்து போகிறார். வெள்ளிக்கிழமைக் கோயிலும் மறுபடி தொடங்கியது. நான்காவது மாடிக்காரர் மணியோசையைத்தான் இப்போது வாசலுக்கு அடையாளமாக வைத்திருக்கிறார். ஓசை அதிகம் என்று முதல் மாடியிலிருந்து புகார் வந்து, இரவில் மட்டும் குறைத்தோம். நிறுத்தவில்லை.

எல்லாம் நன்றாகப் போகவில்லை. கதவு திறந்திருக்கும் நேரத்தை முதலில் தாராளமாக வைத்தோம். அட்டை இல்லாதவர்கள் பின்னாலேயே நுழைவதாகப் பாதுகாவல் தரப்பு முறையிட்டது. நேரத்தைக் குறைத்ததும் அவருடைய நாற்காலி பாதி வழியில் இருக்கும்போது கதவு நகரத் தொடங்கியது. உணர்கருவி இருந்ததால் இடிக்கவில்லை, ஆனால் பயந்துவிட்டார். கடைசியில் அட்டைக்கு ஒரு நேரம், ரிமோட்டுக்குக் கூடுதல் நேரம் என்று பிரித்தோம். குத்தகையாளருக்கு இது முன்பே முடியும் என்று தெரியும். நாங்கள் கேட்காததால் சொல்லவில்லை.

உள்பக்கத்து உணர்கருவி மின்தூக்கிக்குப் போகிறவர்களைக்கூடப் பார்த்துக் கதவைத் திறந்தது. கொசுவும் புழுக்கமும் உள்ளே வந்தன. அதன் பார்வையைக் குறுக்கியதும் சரியாயிற்று. வாசலுக்குள் கிடந்த தடிமனான நார் மிதியடியில் முன்சக்கரம் மாட்டியது, அதை எடுத்தோம். மின்சாரம் போன ஓர் இரவில் கதவு ஒப்பந்தப்படி திறந்தே நின்றது, ஜாகா விடியும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டியதாயிற்று.

தீபாவளிக் கோலம் எதிர்பாராத தலைவலி. வருடா வருடம் லாபிக் கதவுக்கு நேர் முன்னால்தான் அரிசிக் கோலம் போடுவார்கள். இப்போது அங்கே போட்டால் சக்கரம் மயிலின் கழுத்தில் ஏறும். சுற்றிப் போகச் சொல்லலாம் என்றார் ஒருவர். சுற்றிப் போக இடமிருந்தால் இத்தனை செலவே வந்திருக்காது என்று இளைஞர் அணிப் பெண்கள் சொல்லி, லாபியின் ஒரு மூலைக்குக் கோலத்தை மாற்றிவிட்டார்கள்.

மோட்டார் சைக்கிள்தான் இன்னும் தீரவில்லை. இரண்டு பக்கமும் கம்பி வந்த பிறகு சாய்தளத்தின் மேல் யாரும் நிறுத்துவதில்லை, அடிவாரத்தில் நிறுத்துகிறார்கள். உணவு கொண்டுவரும் பையன்களுக்கு இரண்டு நிமிட வேலை, அந்த இரண்டு நிமிடம்தான் பிரச்சினை. கம்பம் நட்டால் நாற்காலியும் போக முடியாது. தரையில் மஞ்சள் கோடு போட்டு, பக்கத்திலேயே அவர்களுக்கென ஓர் இடமும் ஒதுக்கினோம். பகலில் பலிக்கிறது, இரவில் பலிப்பதில்லை.

மாற்ற வேண்டியவை

இதே வேலையை இன்னொரு கட்டடம் எடுத்தால் வரிசையை மாற்றச் சொல்வேன். முதலில் கதவு எப்படித் திறக்கும் என்று முடிவு செய்யுங்கள். சாய்தளம் அதற்குப் பிறகு. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதுதான் சமதளம் எவ்வளவு வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எங்கள் பழைய சாய்தளம் 1:12ஆகவே இருந்திருந்தாலும், அந்தக் கதவோடு அது பயன்பட்டிருக்காது.

கருத்துக் கேட்கும் முறையும் மாறிவிட்டது. இப்போது லாபியில் ஒட்டும் ஒவ்வோர் அறிவிப்பும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகவும் போகிறது. சக்கர நாற்காலியை மனதில் வைத்து வரைந்த திட்டம் வெள்ளைக் கோலுக்கு எதிரியாகலாம் என்பது குத்தகையாளருக்கே புதிது. திட்டம் காகிதத்தில் இருக்கும்போதே இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைப்பது நல்லது. எங்களுக்கு அது ஒரு பையன் அறிவிப்பைப் படித்த தற்செயலால் நடந்தது.

பராமரிப்பு ஒப்பந்தத்தில் கதவின் வேகம், திறந்திருக்கும் நேரம், மின்கலம் மூன்றையும் ஆண்டுக்கு இருமுறை சோதிக்கும்படி சேர்த்திருக்கிறோம். கையால் திறக்கும் மற்றக் கதவுகளுக்கு அதே கொக்கித் தராசு. எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம்.

இன்னும் தொடாமல் இருப்பது பின்பக்கக் கதவு. கார் நிறுத்துமிடத்திலிருந்து மின்தூக்கிக்குப் போகும் வழியில் அது இருக்கிறது. தீத்தடுப்புக் கதவு என்பதால் அதன் மூடுகருவியை இஷ்டத்துக்குத் தளர்த்த முடியாது. தீப்பிடித்தால் அது முழுசாக மூடித் தாழ்ப்பாள் விழ வேண்டும். கனமாக இருப்பதால் ஆட்கள் தீயணைப்புக் கருவியையே முட்டுக்கொடுத்துத் திறந்து வைக்கிறார்கள், இது இரட்டைத் தவறு. சுவரில் காந்தப் பிடிப்பான் வைத்துக் கதவைத் திறந்தே நிறுத்தி, எச்சரிக்கை மணி அடித்ததும் விட்டு மூடவைப்பது ஒரு வழி. அதைக் கட்டடத்தின் தீ எச்சரிக்கைப் பலகையோடு இணைக்க வேண்டும். விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம், அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது நான்காவது அம்சம்.